ஏழு பேருக்காக நின்ற பஸ்

விசாரணை அறைக்கு இரண்டு ஜன்னல்கள். ஒன்று ரயில் கூடத்தைப் பார்த்தது, இன்னொன்று பஸ் முற்றத்தை. பெரிய நகரத்தின் பழைய நிலையம் அது. கட்டியவர்கள் குதிரை வண்டிகள் நிற்பதற்கென்று ஒரு முற்றம் விட்டிருந்தார்கள். வண்டிகள் போய் வெளியூர் பஸ்கள் வந்துவிட்டன. குதிரைகளைக் கட்டிய இரும்பு வளையங்கள் மட்டும் சுவரில் மிச்சம் இருந்தன. டிரைவர்கள் அதில் துண்டு காயப்போடுவார்கள். கூடமும் முற்றமும் சேர்கிற முக்கில் பலகை அடைத்த அந்த அறை, நடுவில் ஒரு சுழல் நாற்காலி. அதில் இருப்பவர் ரயிலுக்கு வந்தவருக்கு ஒரு பக்கம் பதில் சொல்லிவிட்டு, அரை வட்டம் சுற்றி, பஸ்ஸுக்கு வந்தவருக்கு மறுபக்கம் பதில் சொல்ல வேண்டும்.

இருபத்தெட்டு வருடமாக அப்படிச் சுற்றிக்கொண்டிருப்பவருக்கு டிரைவர்கள் வைத்த பெயர் எட்டுக்காரர். முகத்துக்கு நேரே சார் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் எட்டுக்காரர். அதற்குக் காரணம் மலை பஸ்.

மலைக்குப் போகிற கடைசி பஸ் மூன்று ஐம்பதுக்குக் கிளம்பும். அடிவாரத்துக் கேட்டை ஆறு இருபதுக்குப் பூட்டிவிடுவார்கள், அதற்குப் பிறகு பொழுது விடிந்தால்தான் வழி. தூரத்து ரயில் மூன்று பத்துக்கு வந்து சேரும். அதில் வருகிறவர்கள் இறங்கி, முகம் கழுவி, ஏதாவது வாய்க்குப் போட்டுக்கொண்டு பஸ் ஏற நாற்பது நிமிடம். ரயில் தாமதமானால் பஸ் இருபது நிமிடம் வரை நிற்கலாம். ஆனால் மாறி ஏறுகிற பயணிகள் எட்டுப் பேராவது இருக்க வேண்டும். எத்தனை பேர் என்று டிக்கெட் பரிசோதகர் ரயிலிலிருந்தே போன் செய்வார். எட்டு என்றால் இவர் ஒரு சீட்டு எழுதி டிரைவரிடம் கொடுப்பார், பஸ் நிற்கும். ஏழு என்றால் கொடுக்க மாட்டார். கர்ப்பிணி அழுதிருக்கிறாள், கிழவர் கும்பிட்டிருக்கிறார், ஒருவன் சட்டையைப் பிடித்திருக்கிறான். எதற்கும் மசிந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை மனம் இளகி மூன்று பேருக்காக நிறுத்தி, கேட் பூட்டிவிட, முப்பத்தாறு பேர் மழையில் ரோட்டோரம் விடியவிடியக் கிடந்தார்கள். அவர்களில் ஒரு கைக்குழந்தையும் இருந்தது. அன்றிலிருந்து எட்டு என்றால் எட்டுதான்.

இன்றைக்குக் காலையிலிருந்து அந்த நாற்காலி ஓயவில்லை. ஆள் வராதபோதும் சுற்றியது. ரயில் பக்கம், பஸ் பக்கம், மறுபடி ரயில் பக்கம்.

"என்னண்ணே, நாற்காலி இன்னைக்கு ஒரேயடியா அழுவுது?" என்றாள் அறிவிப்புக்கார அம்மா. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மைக்கும் அவளும். நிலையத்தின் குரலே அவளுடையதுதான். மைக்கில் தேனாகப் பேசுவாள், மைக்கை அணைத்தால் மிளகாய்.

"எண்ணெய் போடணும்," என்றார்.

"நாற்காலிக்கா, உங்களுக்கா?"

நாற்காலி மறுபடி பஸ் பக்கம் சுற்றியது.

காலையில் அவர் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் மனைவி சொன்னாள். முழங்கால் வீங்கி, காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்கு அவ வர்றா."

"யாரு?"

"யாருன்னு கேக்க நமக்கென்ன டஜன் கணக்கிலயா பெத்து வச்சிருக்கு? மூணு பத்து ரயில்ல வந்து மலை பஸ்ல ஏறுறா. மேல ஆஸ்பத்திரில லேப் வேலை கிடைச்சிருக்கு. நாளைக்குக் காலைல எட்டு மணிக்குள்ள போய்க் கையெழுத்துப் போடணும். தவறினா அடுத்த ஆளுக்குப் போயிடும்."

அவர் கயிற்றை இறுக்கினார். அவிழ்த்தார். மறுபடி இறுக்கினார்.

"உங்ககிட்ட மூச்சு விடமாட்டேன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன்," என்றாள் மனைவி.

"அப்புறம் ஏன் சொல்றே?"

"அவ இருக்கற ஊர்லேர்ந்து மலைக்கு நேர் பஸ் இருக்கு. அதை விட்டுட்டு ரயிலேறிச் சுத்திக்கிட்டு வர்றா. நாற்பது நிமிஷம் உங்க ஜன்னல் முன்னாடி நிக்கப் போறா. ஊருக்கெல்லாம் வழி சொல்ற மனுஷனுக்கு இது புரியலைன்னா நான் என்ன பண்ணட்டும்?"

புரிந்தது. புரிந்ததுதான் தொல்லை.

நான்கு வருடத்துக்கு முன்னால், இதே நிலையத்தின் பார்சல் ஆபீஸில் அவளுக்கு எழுத்தர் வேலை வாங்கிக் கொடுத்தார். ஒருத்தரிடமும் பல்லிளிக்காதவர், அதற்காக மூன்று மேஜைகளுக்கு முன்னால் கைகட்டி நின்றார். ஏழு மாதத்தில் அவள் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறினாள். வீட்டில் சொல்லவில்லை. பார்சல் ஆபீஸ் பியூன் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "என்ன சார், பாப்பா வேலையை விட்டுடுச்சாமே?" என்று கேட்டபோதுதான் அவருக்குத் தெரிந்தது. அரை மணியில் அவளே வந்தாள். உள்ளே வராமல், ரயில் பக்கத்து வரிசையில், பத்துப் பதினோரு பேருக்குப் பின்னால் நின்று, தன் முறை வந்ததும், "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள்.

"இனிமே என் மூஞ்சியில முழிக்காதே. அடுத்து யாரு?" என்றார் அவர்.

அவ்வளவுதான். வழி சொல்வதைத் தவிர நாள் முழுக்கப் பத்து வார்த்தை பேசாத மனுஷன் செலவழித்த வார்த்தைகள் அவை. அவள் "சரி" என்று சொல்லி வரிசையிலிருந்து விலகினாள். பின்னால் நின்றவர் ஏதோ ஒரு ஊருக்குப் பிளாட்பாரம் கேட்டார், இவர் சொன்னார். சரியான பிளாட்பாரம்தான் சொன்னார். அது அவரை இன்னும் உறுத்தியது. அந்த நேரத்திலும் குரல் பிசகவில்லை, எண் பிசகவில்லை.

சரி என்றாளே, எதற்குச் சரி? நான்கு வருடமாக ராத்திரி புரண்டு படுக்கும்போதெல்லாம் அந்த ஒரு சொல்லைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

மூன்று மணிக்குக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன் வந்தது. தூரத்து ரயில் ஐம்பத்தைந்து நிமிடம் தாமதம். அவர் சீட்டில் எழுதி, கண்ணாடித் தடுப்பின் ஓட்டை வழியாக நீட்டினார். அறிவிப்புக்கார அம்மா தேன் குரலில் வருந்தினாள். கூடத்தின் உயரமான வளைவுகளில் அந்த வருத்தம் மோதி மோதித் திரும்பி வந்தது. புறாக்கள் ஒருமுறை எழுந்து உட்கார்ந்தன.

நாலு ஐந்துக்கு வரும். அப்படியென்றால் ஜன்னல் முன்னால் அவள் நிற்கப் போகிற நாற்பது நிமிடம் போயிற்று.

மூன்று இருபத்தைந்துக்கு டிக்கெட் பரிசோதகர் பேசினார். "சார், மலைக்கு மாறுறது ஏழு பேர். அஞ்சு ஆம்பளை, ரெண்டு லேடீஸ்."

"ஏழா?"

"ஏழுதான் சார். நல்லா எண்ணிட்டேன். உங்ககிட்ட தப்பா எண்ணிட்டு நான் பொழைக்க முடியுமா?"

போனை வைத்தார். நாற்காலி பஸ் பக்கம் சுற்றியது. மலை பஸ் மூன்றாவது தூணுக்கு எதிரே மூக்கை வெளியே நீட்டி நின்றது. நாற்காலி ரயில் பக்கம் சுற்றியது. காலியான தண்டவாளம்.

சும்மா இருந்தால் போதும். ஒரு விரலும் அசைக்க வேண்டாம். ஏழு என்றால் பஸ் போய்விடும். இன்றைக்கு இனி மலைக்கு வழியில்லை. இந்த நகரத்தில் ராத்திரி தங்க அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அம்மாவின் கால் வீங்கியிருக்கிறது என்று தெரியும். வீட்டுக்கு வந்துதான் ஆக வேண்டும். அவர் கூப்பிட வேண்டாம், மன்னிப்புக் கேட்க வேண்டாம். சட்டம் அவர் பக்கம். ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்குப் போனால் கூடத்தில் அவள் உட்கார்ந்திருப்பாள்.

அந்த எண்ணம் வந்த வேகத்தில் நெஞ்சு லேசாயிற்று. அப்படி லேசானதே அவருக்கு அருவருப்பாக இருந்தது. நாளைக் காலை எட்டு மணி. கையெழுத்து. ஒரு வேலையை அவள் விட்டதற்காக வாசலை அடைத்தவர், இன்னொரு வேலையை அவளிடமிருந்து பிடுங்கித்தான் வீட்டுக்குள் வரவழைக்க வேண்டுமா?

எழுந்தார். தண்ணீர் குடித்தார். உட்கார்ந்தார். யாரோ ஒரு ஜன்னலில் ஏதோ கேட்டார்கள், நாலாவது பிளாட்பாரம் என்றார். மறு ஜன்னலில் கேட்டவரிடமும் நாலாவது பிளாட்பாரம் என்றார்.

"பஸ்ஸுக்கு ஏது சார் பிளாட்பாரம்?" என்று அந்த ஆள் சிரித்தான்.

மூன்று நாற்பதுக்குச் சீட்டுப் புத்தகத்தைத் திறந்தார். பயணிகள் எண்ணிக்கை என்ற இடத்தில் பேனா நின்றது. கிணற்றுச் சுவரில் நிற்கிறவன் மாதிரி ஒரு கணம். பிறகு எட்டு என்று எழுதினார்.

சீட்டைக் கொடுக்க அவரே இறங்கிப் போனார். டிரைவர் வயிறு ஸ்டியரிங்கில் பட உட்கார்ந்திருந்தான். வாங்கிப் பார்த்துவிட்டு, "எட்டா? பரவாயில்லையே, இன்னைக்குச் சரியா எட்டிருச்சு," என்றான். "ஒண்ணு குறைஞ்சிருந்தா நான் மூணு அம்பதுக்குப் பறந்திருப்பேன். உங்க கணக்குல எமனே வந்து கேட்டாலும் ஒரு ஆள் கூடாது, குறையாதுன்னு எல்லாருக்கும் தெரியும்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். காது சுட்டது.

மூன்று ஐம்பது ஆயிற்று. பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். நாலு ஆயிற்று. நாலு ஐந்து. ரயில் வரவில்லை. கட்டுப்பாட்டு அறையில் கேட்டார். பாலத்து ஸ்டேஷனில் சிக்னலுக்கு நின்று, இப்போது மெதுவாக வந்துகொண்டிருக்கிறதாம். பாலத்து ஸ்டேஷன் நகரத்தின் ஓரம். அதை ஒட்டித்தான் மலை ரோடும் போகிறது.

நாலு பத்து. இருபது நிமிடம் முடிந்தது. டிரைவர் இன்ஜினைக் கிளப்பினான். எட்டுக்காரர் ஜன்னலை விட்டுவிட்டு முற்றத்தில் இறங்கி பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றார்.

"சார், நகருங்க. நேரம் ஆயிருச்சு."

"ரெண்டு நிமிஷம்."

"கேட் பூட்டினா?"

"வண்டி கண்ணுக்குத் தெரியுது. ரெண்டு நிமிஷம்ப்பா."

பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். "யாருக்குய்யா இந்த ராஜ மரியாதை? மாப்பிள்ளை ஊர்வலமா வருது?" இன்னொருவர், "போன மாசம் என் தம்பி வந்தப்போ இதே ஆள் அரை நிமிஷம் நிறுத்தலை. இன்னைக்குச் சொந்தக்காரன் எவனோ வர்றான் போலிருக்கு," என்றார். எட்டுக்காரர் காதில் விழாதவர் போல நின்றார். கையை பஸ்ஸின் முன் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தார், குதிரையின் நெற்றியைப் பிடித்திருப்பவர் மாதிரி. இன்ஜின் அதிர்வு தோள் வரை ஏறியது.

நாலு பன்னிரண்டுக்கு ரயில் உள்ளே வந்தது.

ஓடி வந்தார்கள். பெட்டி வைத்திருந்த இரண்டு பேர். மூட்டையோடு ஒருவர். ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி, அவள் கணவன். கடைசியாக நொண்டிக்கொண்டு ஒரு ஆள். கண்டக்டர் பெண் படியில் நின்று விரல் மடக்கி எண்ணினாள். ஆறு.

அவர் கூடத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் எல்லாம் வேறு முகம். பின்னாலேயே டிக்கெட் பரிசோதகர் வந்தார், நெற்றி வேர்வையைத் துடைத்தபடி.

"ஏழுன்னீங்களே?" என்றார் எட்டுக்காரர். குரல் பிசகியது.

"ஏழுதான் சார். ஒரு பொண்ணு பாலத்து ஸ்டேஷன்லயே இறங்கிருச்சு. பஸ் நிறுத்தி வச்சாலும் வைப்பாங்கம்மா, இருந்து பாருன்னு சொன்னேன். எத்தனை பேர் மாறுறோம்னு கேட்டுச்சு. ஏழுன்னேன். சிரிச்சுது சார். 'அப்போ நிக்காது. ஜன்னல்ல இருக்கறவரை எனக்குத் தெரியும்'னு சொல்லி, பஸ்ஸைப் பாலத்துல பிடிச்சுக்கறேன்னு பையைத் தூக்கிட்டு இறங்கிருச்சு. நாலு மணிக்கு முன்னாடியே."

டிரைவர் கதவு வழியாகக் கழுத்தை நீட்டினான். கையில் அந்தச் சீட்டு. "சார், எட்டுன்னு எழுதியிருக்கீங்க. அவர் ஏழுங்கறார். வந்தது ஆறு. உங்களையும் சேர்த்தாலும் ஏழுதான் ஆகுது."

யாரும் சிரிக்கவில்லை. எட்டுக்காரர் முகத்தைப் பார்த்த டிரைவருக்கு என்ன தோன்றியதோ, சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"யாரு சார் அந்தப் பொண்ணு?"

"என் பொண்ணு."

படியில் நின்ற கண்டக்டர் பெண் நகர்ந்து வழிவிட்டாள்.

"அப்போ ஏறுங்க," என்றான் டிரைவர். "இனிமே ஒரு நிமிஷம் நின்னா கேட்டுக்கு நாம பொறுப்பில்லை."

அவர் விசாரணை அறையைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு ஜன்னலிலும் ஆள் நின்றது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து அறிவிப்புக்கார அம்மா கையால் விரட்டினாள், போங்க போங்க என்று, கோழியை விரட்டுவது போல. பிறகு அவளே எழுந்து போய் அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பஸ்ஸில் அவர் நின்றுகொண்டே வந்தார். பின்பக்கம் இடம் இருந்தது, உட்காரத் தோன்றவில்லை. மணி நாலு பதினேழு. அவள் பாலத்தில் நின்று இருபது நிமிடம் ஆகியிருக்கும். மூன்று ஐம்பதுக்குக் கிளம்பின பஸ் நாலு ஐந்துக்குப் பாலத்தைத் தாண்டியிருக்கும் என்றுதான் கணக்குப் போட்டிருப்பாள். வரவில்லை என்றதும் போய்விட்டது என்று நினைப்பாளா? ஏதாவது லாரியைக் கை காட்டி நிறுத்துவாளா? அவள் அப்பாவை நம்பித்தான் இறங்கியிருக்கிறாள். நிறுத்த மாட்டார் என்பதை அவ்வளவு நம்பியிருக்கிறாள்.

மனைவிக்குப் போன் செய்தார். "அவகிட்ட சொல்லு. பஸ் இன்னும் போகலை. பாலத்துலயே நிக்கச் சொல்லு."

"நீங்க எங்க இருக்கீங்க? என்ன சத்தம்?"

"பஸ்ல."

"நம்பர் உங்ககிட்டயும் இருக்கு. நீங்களே சொல்லுங்க," என்று வைத்துவிட்டாள்.

நம்பர் இருந்தது. நான்கு வருடமாக அழுத்தாத நம்பர். பஸ் ஒரு வளைவில் திரும்ப, கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கட்டை விரலால் அழுத்தினார். மணி மூன்று தடவை அடித்தது.

"ஹலோ," என்றாள்.

என்னவெல்லாம் சொல்லவேண்டும் என்று எத்தனை ராத்திரி அடுக்கி வைத்திருந்தார். அத்தனையும் சரிந்துபோய், வாய் தனக்குத் தெரிந்ததைச் சொன்னது. "மலை பஸ் இருபத்தேழு நிமிடம் தாமதமாக வருகிறது. பாலத்து நிறுத்தத்துக்கு நாலு முப்பத்திரண்டுக்கு வரும்."

ஜன்னலில் சொல்கிற அதே குரல். பக்கத்து சீட்காரர் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பக்கம் லாரி ஒன்று கடந்துபோகிற இரைச்சல்.

"எத்தனை பேர்?" என்றாள்.

"எட்டுன்னு எழுதினேன்."

"எத்தனை பேர்ப்பா?"

"ஏழு. நீ இறங்கிட்டே. ஆறு."

போனை அவள் வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. இரண்டு பேர் மூச்சும் காற்றும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன. பாலம் வந்தது. பாலத்தின் தலைப்பில், புழுதி படிந்த நிழற்கூரைக்கு வெளியே, வெயிலில், காலடியில் பையோடு ஒரு பெண் காதில் போனுடன் நின்றாள். மெலிந்திருந்தாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அவள் கை காட்டுவதற்கு முன்பே டிரைவர் நிறுத்தினான்.

ஏறினவள் அவரைப் பார்த்தாள். அப்போதுதான் இரண்டு பேரும் போனை அணைத்தார்கள். அவள் பின்னால் போய், இரண்டு பேர் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து இடம் காலியாக இருந்தது. பாலத்தோடு இறங்கி நிலையத்துக்குத் திரும்ப வேண்டிய எட்டுக்காரர் இறங்கவில்லை. பஸ் நகர்ந்துவிட்டது.

கண்டக்டர் பெண் அவரிடம் வந்தாள். "சார், கோவிச்சுக்காதீங்க, டிக்கெட் வாங்கணும். எது வரைக்கும்?"

"அடுத்த ஸ்டாப்."

வாங்கிக்கொண்டு போய் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் வெளியே பார்த்தாள். அவர் முன்சீட்டின் முதுகைப் பார்த்தார். ரெக்ஸின் கிழிந்து பஞ்சு தெரிந்தது. அடுத்த நிறுத்தத்துக்குப் பத்து நிமிடம் என்று அவருக்குத் தெரியும். பத்து நிமிடமும் போயிற்று. ஒருவர் இறங்கினார், இருவர் ஏறினார்கள். அவர் உட்கார்ந்தே இருந்தார்.

"இன்னும் ஒரு ஸ்டாப் குடும்மா," என்றார் கண்டக்டரிடம்.

கண்டக்டர் கிழித்துக் கொடுத்தாள். மகளின் தோள் லேசாகக் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"இப்படியே கேட் வரைக்கும் துண்டு துண்டா வாங்குவீங்களா?" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடியே.

"அன்னைக்கு," என்று ஆரம்பித்தார். "அன்னைக்கு வரிசையில அத்தனை பேர் முன்னாடி உன்னை அப்படிச் சொன்னது தப்பு. நீ என்ன சொல்ல வந்தேன்னு நான் கேட்கலை."

வயல்கள் ஓடின. ஒரு செங்கல் சூளை போயிற்று. தூரத்தில் மலை கறுப்பாக எழும்ப ஆரம்பித்தது.

"நாலு வருஷம் ஆச்சுப்பா. எனக்கே பாதி மறந்துடுச்சு," என்றாள்.

"மீதி பாதியைச் சொல்லு."

அவள் முதல் தடவையாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தாள். மடியிலிருந்த பையை எடுத்துக் காலுக்கடியில் வைத்தாள்.

"நீளமா இருக்கும். நீங்க எங்க இறங்கணும்?"

அந்த ரோட்டில் உள்ள பதினான்கு நிறுத்தங்களும், எதிரே திரும்பி வருகிற பஸ்களின் நேரமும் அவருக்கு மனப்பாடம்.

"தெரியலைம்மா," என்றார் விசாரணைக்காரர். "நீ சொல்லு."